மூன்று மாதக் கணக்கு



நமது மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு வெளியே நீண்ட பெஞ்சு ஒன்று உண்டு. விடியற்காலமே வெறும் வயிற்றோடு வந்து அதில் காத்திருப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவது நமது ஊழியத்தின் ஒரு பகுதி. அவர்கள் வியாதியைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. "இன்றைக்கு எவ்வளவு இருக்குமோ ஐயா?" என்பதே பெரும்பாலானோரின் கேள்வி. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் வாசிக்கும் நேரத்துப் பயம் அந்த முகங்களில் தெரியும். நமக்கும் இந்த வியாதி உண்டு. ஆகையால் அந்தப் பயத்தை அறிவோம்.

உங்களில் அநேகர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு சர்க்கரை நோட்டு இருக்கக்கூடும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள ஒருவர் உணவையும் நடையையும் மாற்றிக்கொள்ளும்போது, இரத்தத்தில் சர்க்கரை மெய்யாகவே இறங்குகிறதா என்று எப்படி அறிவது? இந்தப் பாடத்தில் அதையே படிப்போம்.

ஒரு தலைமையாசிரியர்

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மாதந்தோறும் வந்துகொண்டிருந்தார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 104, 98, 110 என்று ஒழுங்காக இருக்கும். சீட்டை நம்மிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஒருமுறை வைத்தியர் எச்பிஏ1சி என்னும் பரிசோதனையையும் எழுதிக் கொடுத்தார். 8.9 சதவீதம் என்று வந்தது. "வேறு யாருடைய இரத்தத்தோடோ மாற்றிவிட்டார்கள் ஐயா" என்று அவர் கோபப்பட்டார்.

கூட வந்திருந்த அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: "ரத்தம் குடுக்க மூணு நாளைக்கு முன்னாடியே ராத்திரி சோத்தை நிறுத்திருவாங்க ஐயா. வெறும் மோர்தான். டெஸ்ட் முடிஞ்சா பழையபடிதான்."

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் படிக்கிற பையன்களை முப்பது வருஷம் திட்டியிருக்கிறேன் ஐயா" என்றார்.

அவரோடு சேர்ந்து நாமும் சிரித்தோம். ஆனால் அதே வாரத்தில், கால்விரல் எடுக்கப்பட்டு ஆண்கள் வார்டில் படுத்திருந்த ஒருவர், "டெஸ்ட் எல்லாம் நல்லாத்தானே ஐயா இருந்தது" என்று நம்மிடம் சொல்லியிருந்தார். சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய காரியம் அல்ல இது.

மூன்று எண்கள்

முதலாவது, வெறும் வயிற்றுச் சர்க்கரை. குறைந்தது 8 மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறொன்றும் உட்கொள்ளாமல் பார்ப்பது. 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்து, மறு பரிசோதனையிலும் அப்படியே வந்தால் நீரிழிவு. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. இந்த எண் அந்தக் காலைவேளையை மட்டுமே காட்டும். இராத்திரி ஒன்றும் சாப்பிடாதபோதும் காலையில் ஏறியிருக்கலாம். ஏனெனில் விடியும் நேரத்தில் ஈரல் தன்னிடமுள்ள சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது.

இரண்டாவது, சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து 2 மணி நேரம் கழித்துப் பார்ப்பது. நாம் தட்டில் போட்டது உடம்பில் என்ன செய்தது என்று இது சொல்லும். ஏற்கெனவே வியாதி உள்ளவர்களில் பலருக்கு, சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரையும், சாப்பிட்ட பின் 180க்குள்ளும் இருக்க வேண்டும் என்று வைத்தியர்கள் இலக்கு வைக்கிறார்கள்.

மூன்றாவது எச்பிஏ1சி. இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் எவ்வளவு அதிகம் சர்க்கரை ஓடுகிறதோ அவ்வளவு அதிகம் ஒட்டும். ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கிறது. ஆகவே இது கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு. நீரிழிவு உள்ளவர்களின் இரத்தத்தில் இந்த வகை ஹீமோகுளோபின் மிகுதியாயிருப்பதை ஈரானைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் ரஹ்பார் 1968இல் எடுத்துக் காட்டினார். மூன்று நாள் பட்டினி இதை ஏமாற்றாது. 6 சதவீதம் என்றால் சராசரிச் சர்க்கரை ஏறக்குறைய 126. 7 என்றால் 154. 8 என்றால் 183. 9 என்றால் 212. தலைமையாசிரியரின் சீட்டில் 104 என்று இருந்த காலத்தில், அவர் உடம்பு 200க்கு மேலான சராசரியில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? இங்கிலாந்தில் 1977இல் தொடங்கி இருபது ஆண்டு நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்றின் கணக்கு 2000இல் வெளியானது. எச்பிஏ1சி ஒரு சதவீதம் குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்ணிய இரத்தக்குழாய்க் கேடுகள் 37 சதவீதம் குறைவாயிருந்தன என்று அது கண்டது. அந்த ஒரு சதவீதத்துக்காகப் பாடுபடுவது வீண் அல்ல.

நோட்டு எழுதும் முறை

அன்று தலைமையாசிரியருக்கு வைத்தியர் புது மருந்து எதுவும் எழுதவில்லை. "மூன்று மாதம் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டு வாருங்கள் சார், பிறகு முடிவு செய்வோம்" என்றார். ஒரு நாற்பது பக்க நோட்டில் அவர் ஐந்து கட்டம் போட்டார்: தேதி, சாப்பிட்டது, சாப்பிடுமுன் எண், 2 மணி நேரம் கழித்து எண், நடந்த நிமிடம். வாரத்துக்கு ஒருமுறை, அதே நாளில், அதே தராசில் எடை. மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு. நம் நாட்டினருக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டருக்கும் பெண்கள் 80 சென்டிமீட்டருக்கும் கீழே இருப்பது நல்லது.

சோதனைப் பட்டை விலை உள்ளது. தினமும் நாலு வேளை குத்திப் பார்க்க எல்லாராலும் முடியாது. மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கு அது பெரும்பாலும் தேவையும் இல்லை. அவர் திங்கள் காலைப் பலகாரத்துக்கு முன்னும் பின்னும், புதன் மதியம் முன்னும் பின்னும், சனி இரவு முன்னும் பின்னும் பார்த்தார். வாரத்துக்கு ஆறு பட்டை போதுமானதாயிற்று. இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் வைத்தியர் சொன்னபடி அடிக்கடி பார்க்க வேண்டும்.

இரண்டு காரியங்களை நினைவில் வையுங்கள். பரிசோதிக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் எண் பொய்யாக ஏறும். மேலும், வீட்டுக் கருவியில் 15 சதவீதம் வரை கூடக்குறைய வரலாம். நேற்று 148, இன்று 156 என்று கலங்க வேண்டியதில்லை. ஓர் எண்ணைப் பார்க்காதீர்கள். வாரங்களின் போக்கைப் பாருங்கள்.

நோட்டு கற்றுக் கொடுத்தது

முதல் திங்களில் அவர் எழுதியது: 4 இட்லி, தேங்காய்ச் சட்னி, கருப்பட்டிக் காப்பி, முன் 128, பின் 236. கருப்பட்டியில் சர்க்கரை ஏறாது என்று அவர் நம்பியிருந்தார். நம் பக்கத்தில் அநேகர் அப்படித்தான் நம்புகிறார்கள். தேனும் கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையாகவே போய்ச் சேருகின்றன. இரண்டு வாரம் கழித்து: 2 இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், ஓர் அவித்த முட்டை, இனிப்பில்லாத காப்பி, சாப்பிட்டபின் 15 நிமிட நடை, முன் 124, பின் 172. "யாரும் பிரசங்கம் பண்ண வேண்டாம் ஐயா, நோட்டே பண்ணிவிட்டது" என்றார்.

சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்திக்கு மாறியவர்களும், கேழ்வரகுக் கூழ் எவ்வளவும் குடிக்கலாம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. கோதுமையும் கேழ்வரகும் மாவுச்சத்துத்தான். அளவே முக்கியம். தட்டில் பாதி கீரை, அவரை, வெண்டை, கோஸ் போன்ற காய்கள். கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். கால் பங்கு மட்டும் சோறு அல்லது சப்பாத்தி. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் ஏற்றம் குறைகிறது. சாப்பிட்டபின் நடந்தால், வேலை செய்கிற தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன.

நாமும் அவரைப் பார்த்து ஒரு நோட்டுப் போட்டோம். சபையார் வீடுகளைச் சந்திக்கும் நாட்களில் மட்டும் மாலை எண் ஏறியிருந்தது. வீட்டுக்கு ஒரு காப்பி, தட்டில் ஓர் இனிப்பு. வேண்டாம் என்று சொன்னால் மனம் வருந்துவார்களே என்று வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறோம். எழுதிப் பார்க்கும் வரை அது நமக்கே தெரியவில்லை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி 2002இல் வெளியானது. எல்லைக்கோட்டில் இருந்தவர்கள் எடையில் 7 சதவீதம் குறைப்பதையும், வாரம் 150 நிமிடம் நடப்பதையும் இலக்காக வைத்துக்கொண்டபோது, நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. நமது சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2006இல் வெளியானது. மூன்று ஆண்டில், பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் ஏறக்குறைய 39 பேருக்கு வந்தது.

வியாதி வந்தவர்களுக்கும் நம்பிக்கை உண்டு. பிரிட்டனில் 2017இல் வெளியான ஆராய்ச்சியில், வியாதி வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், வைத்தியக் கண்காணிப்பில் சில மாதம் மிகக் குறைந்த உணவோடு எடையைக் குறைத்தார்கள். ஓர் ஆண்டின் முடிவில் 46 சதவீதத்தினர் மருந்தில்லாமல் நீரிழிவு அளவுக்குக் கீழே இருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதமாயிற்று. ஆகவே வைத்தியர்கள் இதைக் குணம் என்று சொல்லாமல், தணிவு என்கிறார்கள். மருந்தை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் ஆனபின்னும் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தால் தணிவு என்று 2021இல் வரையறுத்தார்கள். அதன் பின்னும் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும்.

நான்கு எச்சரிக்கைகள்

1. எண் இறங்குகிறதென்று மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். நோட்டை வைத்தியரிடம் காட்டுங்கள். குறைப்பது அவர் வேலை.

2. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை 70க்குக் கீழே போய்விடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

3. இரத்தசோகை உள்ளவர்களுக்கும், அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கும் எச்பிஏ1சி தவறான எண்ணைக் காட்டலாம். அதை வைத்தியரிடம் முன்னதாகவே சொல்லுங்கள்.

4. எண் நன்றாயிருந்தாலும் தினமும் பாதங்களைப் பாருங்கள்; ஆண்டுக்கு ஒருமுறை கண்ணையும் சிறுநீரகத்தையும் பரிசோதியுங்கள்.

எண் இறங்காதவர்களுக்கு

தலைமையாசிரியரின் எச்பிஏ1சி மூன்றாம் மாதத்தில் 7.8, ஒன்பதாம் மாதத்தில் 6.9. எடை 6 கிலோ குறைந்தது. மாத்திரை அதேதான். இன்றைக்கும் சில வாரங்களில் 210 என்றும் எழுதுகிறார். பக்கத்தில் "பேத்தி கலியாணம்" என்று காரணத்தையும் எழுதுகிறார்.

ஆனால் எல்லாருக்கும் இப்படி இறங்குவதில்லை. சென்னை ஆராய்ச்சியில் நன்றாக முயன்றும் வியாதி வந்த அந்த 39 பேரை மறக்கக்கூடாது. இன்சுலின் சுரக்கும் செல்கள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்கின்றன. எவ்வளவு நடந்தும் இன்சுலின் தேவைப்படுகிறவர்கள் உண்டு. அது தண்டனை அல்ல. அவர்களுடைய சோம்பலுக்குச் சாட்சியும் அல்ல. 1922ஆம் ஆண்டுக்கு முன் எந்த நோயாளிக்கும் கிடைக்காத உதவி அது. நோட்டில் பெரிய எண்ணை எழுதுகிறவர் குற்றவாளி அல்ல. உள்ளதை எழுதினால் வைத்தியர் உதவ முடியும். மறைத்தால் அவர் இல்லாத ஒரு நோயாளிக்கு மருந்து எழுதுகிறார்.

வீட்டார் ஒன்றைக் கவனியுங்கள். "இன்றைக்கு எவ்வளவு?" என்று அதட்டிக் கேட்கிற வீட்டில்தான் நோட்டில் பொய் எழுதப்படுகிறது. அதட்டுவதை விட்டு, சாப்பிட்டபின் அவரோடு கூட நடந்து போங்கள்.

வீட்டிலும் கூட்டங்களிலும் சிந்திக்க

1. கடைசியாக எச்பிஏ1சி பார்த்தது எப்போது? உணவையும் மருந்தையும் மாற்றிவரும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், சீராக இருக்கும்போது ஆண்டுக்கு இருமுறையும் பார்க்கிறோமா?

2. பரிசோதனைக்கு முந்தின நாட்களில் மட்டும் நாம் மாற்றிக்கொள்ளும் பழக்கம் எது? அதை மற்ற நாட்களுக்கும் கொண்டுவர என்ன தடை?

3. நமது சபை விருந்துகளிலும், ஆராதனை முடிந்து கொடுக்கும் காப்பியிலும், இனிப்பில்லாமல் கேட்கிறவருக்குக் கூச்சமில்லாமல் கேட்க இடம் இருக்கிறதா?