கடற்காற்றில் செங்கற்சுவர்

சுள்ளிக்கல் பகுதியில் பூச்சில்லாத செங்கற்சுவருடன் வீடு கட்ட விரும்புவோர் பலரும் கல்லின் விலையை மட்டுமே கணக்கிடுகின்றனர். கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3000 மி.மீ. மழை; காற்றிலோ கடலுப்பு. ஈரத்துடன் கல்லினுள் புகும் உப்பு, உலரும்போது படிகமாகி மேற்பரப்பை உதிர்த்துவிடும்.

வாங்குமுன் சோதிப்பது எளிது. நன்கு உலர்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் நிறுத்துப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயம் 1077இன்படி, சாதாரணக் கல்லின் எடை 20 விழுக்காட்டுக்கு மேல் கூடலாகாது. 3 கிலோ கல்லுக்கு 600 கிராம். மழை நேரே அடிக்கும் சுவருக்கு 15க்குள் இருப்பதே நலம் என்பேன்.

சன்னல் கம்பிகளுக்கு, மாலிப்டினம் கலந்த 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு 304ஐவிட உப்பைத் தாங்கும்; விலை கூடுதல்தான். கூரை விளிம்பை நன்கு வெளியே நீட்டுவது அதனினும் சிக்கனமான காப்பு. மட்டாஞ்சேரியின் பழைய ஓட்டுக் கட்டடங்களைப் பாருங்கள். இச்செலவுகளை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துக் கொணருங்கள். கடன் அனுமதியான பின் தொகையைக் கூட்டுவது எளிதன்று.