நெடுந்தீவின் கல்வேலிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே, பாக்குநீரிணையில் அமைந்துள்ளது நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து படகேறி அங்கு செல்வோரின் கண்ணை முதலிற் கவர்பவை கல்வேலிகளே. ஒழுங்கைகளின் இருமருங்கிலும் வளவுகளைச் சுற்றியும் முருகைக்கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள் நீண்டு செல்கின்றன. சுண்ணாம்போ சீமெந்தோ அவற்றில் சிறிதும் இல்லை.

ஏனைய ஊர்களில் கிளுவையையும் பூவரசையும் கதியாலாக நாட்டி, பனையோலையால் வேலி அடைப்பது வழக்கம். நெடுந்தீவிலோ மேல்மண் மெல்லியது. அலவாங்கைப் போட்டவுடன் கல் தட்டும் நிலத்தில் கதியால் எப்படி வேரூன்றும்? பயிர்செய்ய நிலத்தைத் திருத்தும்போது கிளம்பும் கற்களையும் எங்காவது போட்டாக வேண்டும். அவற்றை எல்லையிலேயே அடுக்கியபடியால் நிலமும் துப்புரவாயிற்று, வேலியும் ஆயிற்று. போர்த்துக்கேயர் இத்தீவைப் பசுக்களின் தீவு என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். மாடு, ஆடுகளோடு கட்டாக்காலிக் குதிரைகளும் திரியும் இடத்தில் உறுதியான வேலி இன்றேல் பயிரேது!

கல்லடுக்குவது வெறும் கூலிவேலை அன்று. முதலில் இளகிய மண்ணை அகற்றி, மிகப் பெரிய கற்களை அடியில் இருத்துவர். அடி அகன்றும் மேலே போகப்போக ஒடுங்கியும் இருத்தல் வேண்டும். இருபுற முகங்களும் சற்று உட்சாய்ந்து ஒன்றையொன்று தாங்கும். ஒரு கல் கீழுள்ள இரண்டு கற்களின்மேல் அமர வேண்டும். பொருத்துக்கு நேர்மேலே பொருத்து வந்தால் அவ்விடத்திலேயே வேலி பிளக்கும். கல்லின் நீளப்பக்கம் வேலிக்குள்ளே போக வேண்டும். பார்வைக்கு அழகென்று நீளப்பக்கத்தை வெளியே காட்டி வைப்பவரின் வேலி நெடுநாள் நில்லாது. இடையிடையே இருமுகத்தையும் பிணைக்கும் நீண்ட கல்லொன்றைக் குறுக்கே வைத்து, நடுவெளியைச் சிறுகற்களால் இறுக்குவர். உச்சியில் மீண்டும் பாரமான கற்கள். அப்பாரமே கீழுள்ளவற்றை அசையாமற் பிடிக்கிறது.

சாந்து இல்லாமை குறையல்ல. மாரி வெள்ளம் இடுக்குகளால் வடிந்துவிடும். சோளகக் காற்றும் முழுவேகத்தில் மோதாமல் ஊடே புகுந்து தணியும். நிலம் சற்றுத் தாழ்ந்தால் சீமெந்து மதில் வெடிக்கும். கல்வேலியோ தானும் சிறிது அசைந்து அமர்ந்துகொள்ளும். 1010ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலிலும் கருங்கற்கள் சாந்தின்றியே பொருத்தப்பட்டுள்ளன. அவை சிற்பிகள் செதுக்கிப் பொருத்திய கற்கள்; நெடுந்தீவிலோ கிடைத்த கல்லைக் கிடைத்தபடியே பொருத்திய குடியானவரின் கைவண்ணம்.

ஐரோப்பியர் இக்கலையின் அருமையை உணர்ந்துள்ளனர். கிரேக்கம், இத்தாலி, பிரான்ஸ் முதலிய எட்டு நாடுகளின் சாந்தில்லாக் கற்கட்டுக் கலையை 2018இல் யுனெஸ்கோ மானிட குலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 2024இல் அயர்லாந்து உட்பட மேலும் ஐந்து நாடுகள் அதிற் சேர்ந்தன.

நெடுந்தீவிலோ போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் விட்டுச்சென்ற வளவுகளில் வேலியைக் கவனிக்க ஆளில்லை. மாடு ஏறி ஒரு கல் விழ, அதன்வழி பத்துக்கல் விழும். விழுந்ததை ஏற்றிச்சென்று வீட்டு அத்திவாரத்தில் கொட்டுபவர்களும் உளர். கடலில் முருகைக்கல் அகழ்வதைச் சட்டம் தடைசெய்துள்ளதால், போன கல்லுக்கு வேறு கல் எளிதிற் கிடையாது. வேலியோடு எல்லையும் மறையும். காணியுறுதியில் ‘கிழக்கெல்லை கல்வேலி’ என்று எழுதியிருந்து என்ன பயன்? பின்பு அயலவர் இருவரும் நீதிமன்றப் படியேற வேண்டியதுதான்.

விழுந்த பொட்டை அடைக்க மேசனும் வேண்டாம், பணமும் வேண்டாம். மாரிக்கு முன் செய்வது நன்று. தளர்ந்த கற்களை இருபுறமும் உறுதியான இடம் வரும்வரை கழற்ற வேண்டும். உச்சிக்கற்களைச் சற்றுத் தள்ளியும், நடுக்கற்களை அதற்கு இப்பாலும், அடிக்கற்களை வேலிக்கு அருகிலும் பரப்பி வைத்தால் திரும்ப அடுக்கும்போது தேடி அலையத் தேவையில்லை. நாலுமுழப் பொட்டென்றால் இருவர் ஒரு காலைப்பொழுதில் அடைத்துவிடலாம். அவ்விருவரும் வேலியின் இருபுறத்து வளவுக்காரராக இருந்தால் எல்லை பற்றிய பேச்சும் அங்கேயே தீர்ந்துவிடும்.