லேப்டாப்போடு லடாக் போகிறீர்களா?

மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்குச் சாலை வழியாகச் சுமார் 430 கி.மீ. வழியிலுள்ள ஜிஸ்பாவைத் தாண்டினால் பெரும்பாலும் சிக்னல் கிடையாது. ஆகவே இந்தப் பாதையைச் சனி, ஞாயிறில் கடந்துவிடுங்கள். ‘வழியில் ஒரு மீட்டிங் பார்த்துக்கலாம்’ என்பதெல்லாம் நடக்காத காரியம்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது. ஊரிலேயே போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். நண்பர்கள் ஆளுக்கொரு கம்பெனி சிம் வைத்திருந்தால், ஒன்று காலை வாரினாலும் இன்னொருவரின் ஹாட்ஸ்பாட் கைகொடுக்கும். சிக்னலைப் போலவே பெட்ரோலும் முக்கியம்: வழியில் வரும் தண்டி என்ற ஊரில் டேங்க்கை நிரப்பாமல் நகராதீர்கள். அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று அங்குள்ள பலகையே மிரட்டும்.

லே ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரம். தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம். முதல் இரண்டு நாளுக்கு லீவு சொல்லிவிடுங்கள். வழி நெடுக, ஸ்டியரிங் பிடிப்பவர் ஆபீஸ் போனை மட்டும் தொடவே வேண்டாம்.