ஒரு படத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள்



அடுத்தவங்க படத்தை அவங்களைக் கேட்காமல் ஃபார்வர்ட் பண்ணலாமா? இந்த இதழுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு இதுதான். "இதெல்லாம் ஒரு பாடமா? ஒரு தட்டு தட்டினா போயிடுது" என்று சிலர் கேட்கலாம். போயிடுது, ஆனால் திரும்பி வர்றதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சொந்தக்காரர் யார்?

பேனா இரவல் வேண்டுமென்றால்கூட நாம் கேட்டுத்தான் வாங்குகிறோம். பேனாவுக்குச் சொந்தக்காரர் ஒருத்தர்தான். படத்துக்கு இரண்டு பேர்.

முதல் ஆள், படம் எடுத்தவர். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, புகைப்படத்தின் படைப்பாளி அதை எடுத்தவரே. பொதுவாக உரிமையும் அவருக்குத்தான். எடுத்தவர் வாழும் காலம் முழுவதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை இருக்கும். கூகுளில் தேடினால் கிடைக்கிறது என்பதற்காக அது ஊர்ப் பொதுக்கிணறு ஆகிவிடாது.

இரண்டாம் ஆள், படத்தில் இருப்பவர். பதிப்புரிமை அவருக்கு இல்லாமல் இருக்கலாம், ஆனால் முகம் அவருடையது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் (ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு) 1994-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஒருவருடைய சொந்த வாழ்க்கை, குடும்பம், திருமணம் பற்றி அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது, பொது ஆவணங்களில் உள்ளதற்கு விலக்கு உண்டு என்றது. பிறகு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டார்கள்.

"அவங்களேதானே ஸ்டேட்டஸ்ல போட்டாங்க?"

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் ஒருத்தர் தன் குழந்தைக்கு மொட்டை போட்டு, அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை அவருக்குத் தெரிந்தவர்கள்தான் பார்க்க முடியும். 24 மணி நேரத்தில் மறைந்தும்விடும். அதாவது, யார் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்று இரண்டு வேலி போட்டுத்தான் அவர் படத்தை வைத்தார். நாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு குரூப்பில் போட்டால் ஒரே நொடியில் இரண்டு வேலியும் போச்சு. வீட்டுக்கு வந்தவரிடம் ஆல்பத்தைக் காட்டினால், அவர் அதை எடுத்துக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் ஒட்டலாமா?

படம் போகும், விவரம் போகாது

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஐந்து பேருக்கு அனுப்புகிறார். அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேருக்கு. 5, 25, 125, 625, 3125. ஐந்தாவது கையிலேயே மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது! இப்படிப் பரவுவதைக் குறைக்கத்தான் வாட்ஸ்அப் 2018-ல் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேர் அல்லது குரூப் என்று கட்டுப்பாடு வைத்தது.

இப்படிக் கை மாறும்போது, எடுத்தவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். காலியான இடத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். 2023 மார்ச்சில் அதுதான் நடந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று சில வீடியோக்கள் வடக்கே பரவின. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு அவை பொய் என்று விளக்கினார். ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே போட்ட சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் சண்டை. இரண்டுமே முன்பு நடந்தவை. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே நேரில் வந்து விசாரித்தது. நம்ம ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வடமாநில அண்ணன்கள் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள்! அந்த வீடியோவைப் பார்த்த அவங்க அம்மாக்கள் அந்த ராத்திரி தூங்கியிருப்பாங்களா?

நம்ம ரோடு, நம்ம பஸ்

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் விபத்து நடந்தால், ஆம்புலன்ஸ் வருவதற்குள் சிலர் கையில் போன் வந்துவிடுகிறது. அடிபட்டவர் வீட்டுக்குச் செய்தி போகும் முன்பே படம் போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும்? அப்போது நம் போன் செய்ய வேண்டிய ஒரே வேலை 108-ஐ அழைப்பது.

இன்னொன்று. நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வரும் ஒரு அக்காவைப் படம் எடுத்து, சிரிப்புப் பொம்மை போட்டு அனுப்பினால் நமக்கு அது ஒரு நிமிஷச் சிரிப்பு. ஆனால் வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் அந்த அக்காவின் அப்பா அதைப் பார்த்தால், "வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம், ஊருக்கு வந்துடு" என்று சொல்லிவிடலாம். நம் சிரிப்புக்கு அவர் சம்பளமா விலை?

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. கேட்கும்போது இடத்தையும் சொல்லிக் கேட்க வேண்டும். "அக்கா, இந்தப் படத்தை எங்க கிளாஸ் குரூப்ல போடட்டுமா?" கிளாஸ் குரூப்புக்குக் கிடைத்த சம்மதம் இன்ஸ்டாகிராமுக்குச் செல்லாது.
2. பதில் வரவில்லை என்றால் "சரி" என்று அர்த்தமில்லை.
3. சின்னப் பிள்ளைகள் படமென்றால் பெற்றோரைக் கேட்க வேண்டும்.
4. எடுத்தவர் பெயரைப் போட வேண்டும். படத்தின் ஓரத்தில் உள்ள பெயரை வெட்டக் கூடாது.
5. புராஜெக்டுக்குப் படம் வேண்டுமா? 2004 முதல் விக்கிமீடியா காமன்ஸ் இருக்கிறது. மற்றவர்கள் பயன்படுத்தலாம் என்று எடுத்தவர்களே அங்கே கொடுத்திருக்கிறார்கள். நிபந்தனையைப் படித்து, கேட்டிருந்தால் பெயரையும் எழுதி எடுத்துக்கொள்ளலாம்.
6. "எடுத்துடு" என்று சொன்னால் ஏன் என்று கேட்காமல் எடுக்க வேண்டும். நாம் யாருக்கெல்லாம் அனுப்பினோமோ அவங்களிடமும் அழிக்கச் சொல்ல வேண்டும்.
7. தப்பு நடந்ததற்கு ஒரு படம் சாட்சி என்றால் அதை ஆசிரியரிடமோ போலீசிடமோ காட்டலாம். குரூப்பில் காட்ட வேண்டாம்.

யாருக்காவது நடந்துவிட்டால்

2016-ல் சேலம் மாவட்டத்தில் ஒரு பெண்ணின் படத்தை யாரோ மாற்றி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். அந்த அக்கா இன்று உயிரோடு இல்லை. இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படி நடந்தால் வெட்கப்பட வேண்டியவர் படத்தில் இருப்பவர் அல்ல, அதைப் பரப்பியவர். அந்தரங்கப் படத்தைச் சம்மதமில்லாமல் எடுத்தாலோ பரப்பினாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. தோழியோ தோழனோ நம்மிடம் வந்து சொன்னால் முதலில் நம்ப வேண்டும். "நீ ஏன் போட்டே?" என்று கேட்கக் கூடாது. நம்பிக்கையான ஆசிரியரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் பேசலாம்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊரின் கையைத் தடுக்கவும் நம்மால் ஆகாது. ஆனால் அந்த 3125 பேர் வரிசையில் ஒரு கை நம்முடையது. அந்த ஒரு கை நின்றால் அதற்கு அப்புறம் உள்ள வரிசை நின்றுவிடும்.



– 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு