சுமை ஏறியதும் நிற்கும் டீசல் என்ஜின்

வலங்கைமான் பகுதியில் ஆற்றுநீர் வருமுன் வடிமுனைக் குழாய்க் கிணற்றை நம்பிக் குறுவை நாற்று விடும் உழவர்களுக்கு, என்ஜின் நின்றுபோனால் நாற்றங்கால் காய்ந்துவிடும். வெறுமனே சீராக ஓடும் என்ஜின், பம்பு நீர் இறைக்கத் தொடங்கியதும் திணறி நிற்பது ஏன்? சுமை கூடும்போது வேகம் குறையாதிருக்கக் கவர்னர் கூடுதல் டீசலை விடுகிறது. அப்போது டீசலோ காற்றோ போதாவிட்டால் என்ஜின் நின்றுவிடும். பம்பு இறுகியிருந்தாலும் நிற்கும்.

முதலில் என்ஜினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றவும். பம்பின் புல்லியைக் கையால் சுற்றிப் பார்க்கவும். இறுக்கமாக இருந்தால் குறை பம்பில் உள்ளது. கிளாண்ட் நட்டுகளைச் சிறிது தளர்த்தவும். அங்கு நீர் சொட்டுச் சொட்டாகக் கசிவதே சரியான அளவாகும். பேரிங்குகளையும் பார்க்கவும்.

புல்லி எளிதாகச் சுற்றினால் என்ஜினைக் கவனிக்கவும்.

1. கரும்புகை வந்தால் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யவும்.

2. டீசல் தொட்டி மூடியிலுள்ள காற்றுத் துளையின் அடைப்பை நீக்கவும்.

3. டீசல் வடிகட்டி அடைத்திருந்தால் உள்ளிருக்கும் எலிமெண்டை மாற்றவும்.

4. பின்னர் காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, குமிழியின்றி டீசல் வந்ததும் இறுக்கவும்.

இதன் பின்னும் நின்றால் மெக்கானிக்கிடம் கொடுத்து இன்ஜெக்டரைச் சோதிக்க வேண்டும். டீசலை எப்போதும் வடிகட்டியே ஊற்றுங்கள். டின்னின் அடியில் தங்கும் கசடையும் நீரையும் ஊற்றாதீர்கள். நாற்று விடுமுன்பே இவற்றைச் சரிபார்த்துவிடுவது நல்லது.