மைனஸ் நாற்பதில் புதுக்கோட்டை

மே மாதம், பகல் இரண்டு மணி. கீரனூர் தாண்டி வரும்போது டாஷ்போர்டில் மஞ்சள் என்ஜின் லைட் எரிந்தது. வண்டி ஓடியது, பிக்கப்பும் குறையவில்லை. புதுக்கோட்டையில் ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டார்கள். பி0113 என்ற கோடு வந்தது. "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்றார் மெக்கானிக். மாற்றினோம். மறுநாளே லைட் திரும்ப எரிந்தது.

அப்புறம்தான் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான ப்ளூடூத் அடாப்டர் ஒன்றை வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, போனில் லைவ் டேட்டாவைத் திறந்தேன். என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில்! சென்சார் இணைப்பு அறுந்தால் கம்ப்யூட்டர் காட்டும் எண் அது. பானெட்டைத் தூக்கி வயரைத் தடவிக்கொண்டே போனேன். ஒரு வளைவில் எலிப் பல் பதிந்து, அறுந்த செம்பு இழை பளபளத்தது. ஒட்டுப் போட்டு டேப் சுற்றியதோடு சரியாயிற்று. கழற்றிய சென்சார் நல்ல நிலையில் என் மேசை டிராயரில் கிடக்கிறது.

பி0113 சொல்வது 'காற்று வெப்பச் சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம்' என்பதை மட்டுமே. சென்சார் கெட்டது என்றல்ல. பி0420 வந்தால் விலையுயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிருக்கலாம், ஆக்ஸிஜன் சென்சாராகவும் இருக்கலாம், சைலன்சர் பைப்பில் ஒரு கசிவாகவும் இருக்கலாம்.

யாரிடம் போவது என்பதற்கு முன்னால் லைட்டைப் பாருங்கள். விட்டுவிட்டு மினுங்கினால் என்ஜினில் கடுமையான மிஸ்ஸிங். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுக் கெடுக்கும். திருச்சி வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள்; ஓரங்கட்டி ஆளை வரச் சொல்லுங்கள். நிலையாக எரிந்து, டெம்பரேச்சரும் ஆயிலும் சரியாக இருந்தால் பதற்றம் வேண்டாம்.

2013 ஏப்ரலுக்குப் பிந்தைய பெட்ரோல் கார், வாரண்டி முடிந்தது என்றால் முதலில் அடாப்டர்தான் என் கட்சி. மணமேல்குடிப் பக்கம் இருந்தால் இன்னும் அவசியம். புதுக்கோட்டைக்கு வந்து போகவே அரை நாள் ஆகும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஈஎல்எம்327 சிப்பின் நகல்; சில வண்டிகளோடு பேசவே பேசாது. திருப்பிக் கொடுக்க வழியுள்ள இடத்தில் வாங்குங்கள். பி-யில் தொடங்கும் என்ஜின் கோடுகளைத் தாண்டி இவற்றை நம்பவும் வேண்டாம்.

உள்ளூர்ப் பட்டறையை நான் விட்டுவிடவில்லை. ஹோஸ் விரிசல், ஸ்பார்க் பிளக், எலிக்கடி இதிலெல்லாம் அந்தக் கைகளுக்கு ஈடில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எதை வச்சுண்ணே சென்சார்னு சொல்றீங்க?" மீட்டர் வைத்துக் காட்டுகிறவருக்கு ஸ்கேனிங் காசைத் தனியாகவே கொடுக்கலாம். "எப்பவும் இதுதான் போகும்" என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

வாரண்டி, ஏர்பேக், ஏபிஎஸ், சாவி இம்மொபிலைசர், 2020-க்குப் பிந்தைய பிஎஸ்-6 டீசல் என்றால் யோசிக்காமல் கம்பெனி சர்வீஸ். அந்த டீசலில் மட்டும் ஒரு விலக்கு: டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) லைட் தனியாக எரிந்தால், டவுனுக்குள்ளேயே ஓட்டிக் கரி அடைத்திருக்கலாம். மேனுவலில் சொன்ன வேகத்தில் திருச்சி ரோட்டில் இருபது நிமிடம் நிற்காமல் போய் வாருங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும். கூடவே என்ஜின் லைட்டும் எரிந்தால் அந்த வைத்தியம் வேண்டாம்.

ஆப்பில் இருக்கும் அழிக்கும் பட்டன் மேல் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். லைட் எரிந்த நொடியில் இருந்த வேகம், சூடு, லோடு எல்லாம் கோடோடு சேர்ந்து பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போகும். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பழுது பார்த்தபின் அழித்து, நாலைந்து நாள் வழக்கம்போல் ஓட்டிவிட்டு இன்னொரு முறை செருகிப் பாருங்கள்.