மடை உடைந்த பிறகு

எங்கள் நிலம் அமிர்திக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில். பக்கத்து நிலம் சின்ன வயதுச் சிநேகிதனுடையது. கிணறு பொது, தண்ணீர் ஆளுக்கு ஒரு நாள் முறை. ஓர் இரவு மோட்டாரை நிறுத்தாமல் தூங்கிவிட்டான். மடை உடைந்து, நான் பிடுங்கிக் காயப்போட்டிருந்த மல்லாட்டை முழுக்க நனைந்து போயிற்று. காலையில் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் அவனைத் திட்டினேன். செத்துப்போன அவன் அப்பாவையும் விடவில்லை. அதோடு எட்டு மாதம் பேச்சில்லை. மோட்டார் ரூம் சாவியைக்கூட வரப்பில் ஒரு கல்லுக்கடியில் வைத்துவிட்டுப் போவோம்.

போளூர் பக்கம் திருமலைக்கு ஒரு வேலையாகப் போனேன். குந்தவை பெயரில் சமணக் கோயில் உள்ள ஊர். பாறையில் செதுக்கிய நேமிநாதர் 16 மீட்டர் உயரம். அங்கே ஒரு பெரியவரிடம் மனசு விட்டுப் பேசினேன். நாலடியாரில் 23-ஆம் அதிகாரத்தைப் படிக்கச் சொன்னார். 'நட்பிற் பிழை பொறுத்தல்.' தண்ணீர் எத்தனை முறை கரையை உடைத்தாலும், அதை நம்பிப் பிழைப்பவர்கள் தண்ணீரோடு கோபித்துக்கொள்வதில்லை. மறுபடியும் கரை கட்டுகிறார்கள் என்கிறது ஒரு பாட்டு. மண் அணைத்துக் கை காய்த்த எனக்கு அதற்கு உரை தேவைப்படவில்லை.

எல்லாரையும் பொறுத்துப் போ என்று அந்த நூல் சொல்லவில்லை. முந்தின அதிகாரம் நட்பாராய்தல், அடுத்தது கூடா நட்பு. ஆராய்ந்து பழகியவனுக்குத்தான் இந்தப் பொறுமை. அதனால் முதலில் பார்க்க வேண்டியது, அவன் வேண்டுமென்று செய்தானா என்பதை. என் சிநேகிதன் அதற்கு முன் இரண்டு இரவு அம்மாவோடு ஆஸ்பத்திரியில் கண் விழித்தவன். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

பர்யூஷண நோன்பு முடிகையில் சமணர்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பார்கள். தெரிந்து செய்ததற்கும் தெரியாமல் செய்ததற்கும் சேர்த்துத்தான். யார் முதலில் தப்பு செய்தது என்ற விசாரணை கிடையாது. நானும் என் தப்பை மட்டும் சொல்வதென்று முடிவு செய்தேன். "ஆனா நீயும்..." என்று ஆரம்பித்தால் கேட்ட மன்னிப்பு அங்கேயே வீணாகிவிடும். நடுவில் ஆள் விடவும் கூடாது. போகிற வழியில் பேச்சு மாறிவிடும்.

நான் போனபோது மடையில் குனிந்து மண் அணைத்துக்கொண்டிருந்தான். "உங்கப்பாவைப் பேசினது தப்புடா" என்றேன். நிமிரவில்லை. நானும் இறங்கி இரண்டு கை மண்ணை அள்ளி வைத்தேன்.

"அங்க வைக்காதடா, சரிஞ்சிடும். இப்படி வை."